ஆக்சென்ட்: அழுத்தமா, சாயலா?

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ‘45 நாட்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஆக்சென்ட்டுடன்.’ பரோட்டா, சால்னாவுடன் என்பது போல. அதே வாரம் அம்மாபேட்டையிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். ஒரு கம்பெனியில் போனில் பேசும் வேலைக்கு நேர்காணல் போய்விட்டு வந்திருந்தாள்.

“கிராமரெல்லாம் நல்லாத்தான் இருக்காம் மாமா. ஆனா ஆக்சென்ட் இருக்காம். அதனால எடுக்கலையாம்.”

மின்கம்பத்துக்காரர் ஆக்சென்ட்டைக் காசுக்கு விற்கிறார். கம்பெனிக்காரர் அது இருப்பதால் வேலை இல்லை என்கிறார். “அப்ப ஆக்சென்ட்டுன்னா தமிழ்ல என்னதான் மாமா?” என்று அவள் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அகராதியைப் புரட்டினால் அழுத்தம், அசையழுத்தம், தொனி, உச்சரிப்புப் பாணி என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சரி. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால்தான் வம்பு.

வேரிலிருந்து வருவோம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் ‘அக்சென்டுஸ்’. ‘அட்’ என்றால் கூட, சேர்த்து. ‘கான்டுஸ்’ என்றால் பாட்டு. சொல்லோடு சேர்த்துப் பாடப்படுவது என்று பொருள். அதுவும் லத்தீன்காரர்களின் சொந்தச் சரக்கில்லை. கிரேக்கத்தில் ‘ப்ரோசோடியா’ என்று ஒரு சொல் உண்டு. அதை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்துச் செய்துகொண்டார்கள். பழைய கிரேக்கத்தில் ஒரு சொல்லின் எந்த அசையில் குரல் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பது நிஜமாகவே பாட்டு மாதிரி இருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்ட எழுத்தின் தலையில் கோடுகள் போடும் வழக்கம் அலெக்ஸாந்திரியாவின் புலவர்களிடம், ஏறத்தாழ கி.மு. 200 வாக்கில், தொடங்கியதாக மரபு.

இத்தனை தூரம் போகாமலேயே நம் வீட்டுப் பாட்டிமார் இதைப் பிடித்திருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வாழ வந்த மருமகள் பேச்சை “ராகம் போட்டுப் பேசுறா” என்பார்கள். சொல்லோடு ஒட்டிய பாட்டு!

இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று பொருள் குடியிருக்கிறது. ஒன்று, சொல்லில் ஓர் அசையோ வாக்கியத்தில் ஒரு சொல்லோ மட்டும் ஓங்கி ஒலிப்பது. இரண்டு, ஒருவர் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர், எந்த வீடு என்று காட்டிக்கொடுக்கும் ஒலிப்பின் நிறம். மூன்று, எழுத்தின் மேல் போடும் அந்தக் குறி. மின்கம்பம் விற்றது இரண்டாவதைத்தான். கம்பெனி குறை சொன்னதும் அதையே.

இரண்டாவதற்கு நம் பேச்சில் புழங்கும் சொல் ‘ஸ்லாங்’. “மதுரை ஸ்லாங்”, “கோயமுத்தூர் ஸ்லாங்” என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பொருளே இல்லை; அங்கே அது கொச்சை, இளவட்டங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொற்கள். ‘வட்டார வழக்கு’ என்பதும் இதற்கு முழுதாகப் பொருந்தாது. அதில் சொல்லும் இலக்கணமும் சேர்ந்து வருகின்றன. ஆக்சென்ட் என்பது ஒலி மட்டும். ‘உச்சரிப்பு’? தனித்தமிழ் அன்பர்கள் ‘பலுக்கல்’ என்பார்கள். அதில் சரி, தப்பு உண்டு. ‘வெஜிடேபிள்’ என்று நடுவில் ஒரு மேசையைப் போட்டுச் சொல்கிறோமே, அது உச்சரிப்புப் பிழை. அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகும் சேலத்துக்காரர் சேலத்துக்காரராகவே ஒலிப்பார். அது பிழையில்லை. “மலையாள வாடை அடிக்குது”, “பேச்சுல தெலுங்குச் சாயல் இருக்கு” என்கிறோம் பாருங்கள், அதுதான். ‘வாடை’ கொஞ்சம் மூக்கைப் பிடிக்க வைக்கிறது. ‘பேச்சுச்சாயல்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். என் ஓட்டு அதற்குத்தான்.

சாயல் என்றால் என்ன என்று பார்க்க அண்ணாந்து மலையைப் பார்த்தால் போதும். அது சேர்வராயன் மலை. உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிச் செடி வைத்தார். துரைமார்கள் பங்களா கட்டினார்கள். சேர்வராயன் அவர்கள் வாயில் ‘ஷெவராய்’ ஆனான். நாம் ஆங்கிலத்தைத் தமிழ்ச்சாயலில் பேசுவதற்கு முன்பே அவர்கள் தமிழை ஆங்கிலச்சாயலில் பேசி, வரைபடத்திலும் அச்சடித்துவிட்டார்கள். தஞ்சாவூர் டான்ஜோர், தூத்துக்குடி டூட்டிகொரின். அதை யாரும் ஆக்சென்ட் பிரச்சினை என்று சொல்லி துரையை வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

தூத்துக்குடியின் ‘த’ ஏன் ‘ட’ ஆயிற்று? ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலி இல்லை, ஒன்றுதான். நாக்கு நம் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் நடுவில், மேல்பல்லின் ஈறைத் தொடும். அந்தக் காதுக்கு நம் இரண்டும் ஒன்றாகவே விழும். இதைப் பிள்ளைகளிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ‘த’, ‘ட’ இரண்டையும் கேட்க வைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலானவற்றுக்கு அது போய்விட்டது. தொட்டிலில் இருக்கும்போதே, நம் வீட்டில் எந்த ஒலி செலாவணியாகும், எது ஆகாது என்று காது கணக்கை முடித்துவிடுகிறது. உலகத்துப் பாஷைக்கெல்லாம் தயாராக வந்த குழந்தை, முதல் பிறந்தநாள் கேக்கை வெட்டுவதற்குள் ஓர் ஊர்க்காரன் ஆகிவிடுகிறது. பிற்பாடு கற்கும் மொழி இந்தக் காது வழியாகத்தான் உள்ளே போகவேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கும் அப்படித்தான். சொல்லின் கடைசியில் வரத்தக்க மெய்கள் 11 என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது: ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். வல்லின மெய் ஒன்றுகூட அதில் கிடையாது. அதனால்தான் ‘கேட்’ நம் வாயில் ‘கேட்டு’, ‘ரோட்’ நம் வாயில் ‘ரோடு’. கடைசியில் ஒட்டுகிற அந்தச் சின்ன உகரம்தான் பள்ளிக்கூடத்தில் நம்மைப் படாதபாடு படுத்திய குற்றியலுகரம். ‘ஸ்கூல்’ என்று இரண்டு மெய் சேர்ந்து முதலில் நிற்கவும் தமிழ் விடாது. ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒரு திண்ணை போட்டுக்கொள்கிறது. “கேட்டு” என்று சொல்லும் கண்டக்டர் சோம்பேறி நாக்குக்காரர் இல்லை. அவர் இலக்கணப்படி நடக்கிறார், மொழிதான் வேறு.

தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டில் பேசும் நெசவுக் குடும்பங்கள் சேலத்தில் தலைமுறைகளாக இருக்கின்றன. ஒரே டீச்சரிடம் ஒரே பெஞ்சில் ஆங்கிலம் படித்த நான்கு பிள்ளைகள் நான்கு சாயலில் பேசுவதை இங்கே சாதாரணமாகக் கேட்கலாம். ஆக, ‘நியூட்ரல் ஆக்சென்ட்’ என்று விற்கிறார்களே, சாயலே இல்லாத பேச்சு, அப்படி ஒன்று கிடையாது. லண்டன்காரருக்கும் சாயல் உண்டு. அதிகாரம் இருக்கிறவர் சாயல் நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

கேட்பவருக்குப் புரிகிறதா என்பது வேறு கேள்வி. அங்கேதான் முதல் பொருளான அழுத்தம் வேலை செய்கிறது. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற ஆய்வாளர்கள் இருவரும், மாண்டரின் தாய்மொழிக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட காதுகளுக்குப் போட்டுக் காட்டி 1995இல் எழுதினார்கள். சாயல் மிகத் தூக்கல் என்று கேட்டவர்களே சொன்ன பேச்சிலும் பல இடங்கள் ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தன. சாயலும் புரிதலும் ஒரே தராசில் ஏறுகிறவை அல்ல. 2000இல் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் இன்னொரு படி போனார். ஆங்கிலம் இன்று தாய்மொழிக்காரர் இல்லாத இடங்களிலும் பேசப்படுகிறது; ஜப்பான்காரரும் பிரேசில்காரரும் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலி கெட்டால் பேச்சு முறிகிறது என்று பார்த்துப் பட்டியல் போட்டார். ‘தேங்க்ஸ்’ சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் நீட்ட மணிக்கணக்கில் பழக்குகிறார்களே, அது அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்பது இருந்தது.

அழுத்தம் தமிழுக்குப் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தியார் ‘எடுத்தல் படுத்தல் நலிதல்’ என்று மூன்றைச் சொல்லியிருக்கிறார்: குரலை உயர்த்துவது, தாழ்த்துவது, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது. ‘வந்தான்’ என்பது வினைமுற்று. ‘வந்தானைக் கண்டேன்’ என்னும்போது அது பெயர். இப்படி ஒரே உருவம் வினையாகவும் பெயராகவும் நிற்குமிடத்தில் ஓசை மாறும் என்று உரைகாரர்கள் எழுதினார்கள். ஆங்கிலத்தின் ‘ரெக்கார்ட்’ பெயரானால் முன் அசையிலும் வினையானால் பின் அசையிலும் அழுத்தம் வாங்குவது நினைவுக்கு வருகிறது. ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஆங்கில வகுப்பில் சொல்வதற்கு ‘எடுத்தல்’ அழகான சொல். ஆனால் இன்று அதைச் சொன்னால் எதை எடுப்பது என்று கேட்பார்கள். ‘அழுத்தம்’ என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். தமிழில் நமக்கு ஒரு ‘தான்’ இருக்கிறது. “நேத்து நான்தான் ஏற்காடு போனேன்.” “நேத்து நான் ஏற்காட்டுக்குத்தான் போனேன்.” “நேத்துதான் நான் ஏற்காடு போனேன்.” அந்தத் ‘தான்’ இடம் மாறினால் பொருள் மாறுகிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம். ‘ஐ’யை அழுத்தினால் முதலாவது, ‘ஏற்காட்’டை அழுத்தினால் இரண்டாவது, ‘யெஸ்டர்டே’யை அழுத்தினால் மூன்றாவது. நாம் எல்லாச் சொல்லையும் சமமாக, தறியில் நூல் ஓட்டுவது மாதிரி ஓட்டிவிடுகிறோம். எதிரில் இருப்பவருக்கு எது முக்கியம் என்று பிடிபடுவதில்லை.

“அப்ப மனசுக்குள்ள எங்க ‘தான்’ போடுறனோ அங்க அழுத்தணும்?”

“அதேதான்.”

“இதை 45 நாளா எங்கயும் சொல்லித் தரலையே மாமா,” என்றாள். சாயலைக் கழுவ மூவாயிரம் ரூபாய் கட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது பொருள், எழுத்தின் மேல் வரும் குறி, தமிழ்நாட்டில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ‘மேற்குறி’ என்று சொல்லிவிடலாம். போன மாதம் ஏற்காட்டில் ஏரிக்கு அருகே ஒரு காப்பிக் கடைப் பலகையில் அதைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘கஃபே’ என்று எழுதி, கடைசி எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோடு. பிரெஞ்சுக்காரர் போடும் குறி. அழுத்தத்தைக் காட்ட அல்ல, அந்த உயிரை ‘ஏ’ என்று சொல்லவேண்டும் என்பதற்கு. கடைக்காரரிடம் அதைக் காட்டிக் கேட்டேன்.

“அதுங்களா? பெயின்ட் தெறிச்சிருச்சுன்னு நெனைச்சேங்க,” என்றார்.