பகலில் 6/6, இருட்டில்?

காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர் என்னிடம் கண் பரிசோதனைக்கு வந்திருந்தார், நாற்பது வயதைத் தாண்டியவர். போர்டில் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தார், 6/6, அதாவது குறையில்லாத பார்வை. "பகல்ல எல்லாம் நல்லாத்தான் கீது சார், விடிகாலையில படகுல ஏறும்போதுதான் கயிறு தட்டுது, பக்கத்துல நிக்கிறவன் மேலயே இடிச்சிக்கிறேன்" என்றார்.

நம் கண்ணுக்குள் பகலுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஏற்பாடு இருக்கிறது. விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள். வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் காட்டுவது அவைதான். மங்கலில் வேலை செய்வது குச்சி செல்கள், கிட்டத்தட்ட 10 கோடி. அவற்றுக்கு நிறம் தெரியாது, அதனால்தான் கரண்ட் போன வீட்டில் சிவப்புப் புடவை கறுப்பாகத் தெரிகிறது. நாம் நேராகப் பார்க்கும் மையப்புள்ளியில் குச்சி செல்களே கிடையாது. கடலில் தூரத்து மங்கல் விளக்கை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். ராத்திரியில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கத்திலேயே தெரியும்.

குச்சி செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும், திரும்ப முழுசாகச் சேர 30 நிமிடம் வரை ஆகும், இருட்டில் கிளம்பும் முன் செல்போனை முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தால் அத்தனையும் வீண். ரொடாப்சினைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும், குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கைக்கீரை, பப்பாளி, ஈரல் எல்லாம் நமக்குக் கைக்கெட்டுகிற விஷயம்தான். குழந்தைகளுக்கு அஞ்சு வயசு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் ஹெட்லைட் சிதறிப் பரவுகிறது என்று ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் சொன்னால் பெரும்பாலும் கண்புரையைத்தான் முதலில் பார்ப்பேன். அதை ஆபரேஷனில் சரி செய்துவிடலாம்.

மீனவருக்குப் புரை இல்லை. கண் பாவையை விரிய வைத்து உள்ளே பார்த்தபோது விழித்திரையின் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள், பக்கப் பார்வை சுருங்கியிருந்தது. குச்சி செல்கள் முதலில் அழியும் பரம்பரை நோய் இது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதை அதிகம் பார்க்கிறேன், இதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடியால் தீராது, போர்டு டெஸ்ட் மட்டும் செய்திருந்தால் தெரிந்தும் இருக்காது.

கூடப் பிறந்தவர்களையும் அழைத்து வரச் சொன்னேன். தம்பி இப்போது கடலில் இருக்கிறாராம், கரை திரும்பியதும் வருகிறார்கள்.