காற்று யார் முகத்தில் அடிக்கிறது?

போன மாதம் மறுபடியும் அதே கதை. ஒரு லேபில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண்ணுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, ராத்திரியில் தலையணை நனைகிற அளவு வியர்வை. டைபாய்டு என்று ஒரு சுற்று மருந்து முடிந்த பிறகுதான் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்தார்கள். வளர்ந்தது புருசெல்லா. ஆடு மாடுகளிடமிருந்தும் பச்சைப் பாலிலிருந்தும் வரும் பாக்டீரியா, லேபில் காற்று வழியாகவும் தொற்றும். பச்சைப் பால் குடிக்கிற பழக்கம் கிடையாது, ஆடு மாடு பக்கமே போனதில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நோயாளியின் கிருமி வளர்ந்த கல்ச்சர் பிளேட்டைத் திறந்து, காலனியை (கிருமித் திட்டை) சலைன் என்ற உப்பு நீரில் கலக்கி, கிருமியின் பெயர் சொல்லும் மெஷினில் போட்டிருக்கிறார். மெஷின் அதை ஓக்ரோபாக்ட்ரம் என்ற நெருங்கிய உறவுக் கிருமி என்று சொல்லியிருக்கிறது. (புருசெல்லாவுக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது இந்த மெஷின்களின் பழைய வியாதி. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

"எங்கே வைத்துத் திறந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஹூட்லதான் சார். எங்ககிட்ட பயோசேஃப்டி இருக்கே" என்றார் பொறுப்பாளர். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். முகத்தில் சிலுசிலுவென்று காற்று அடித்தது. அது லேமினார் ஃப்ளோ.

எத்தனை தடவை சொல்வது? லேமினாரும் பயோசேஃப்டி கேபினெட்டும் ஒன்றல்ல. இரண்டும் ஸ்டீல் பெட்டிதான், இரண்டிலும் கண்ணாடி, நீல விளக்கு, 'உம்'மென்ற சத்தம் எல்லாம் உண்டு. விற்கிறவரும் இரண்டையும் 'ஹூட்' என்றே சொல்வார். ஆனால் லேமினார் காற்றைச் சுத்தம் செய்து, மேஜை மேல் வீசி, அப்படியே உங்கள் முகத்துக்கு அனுப்புகிறது. மீடியா (கிருமி வளர்க்கும் ஊட்டக் கலவை) ஊற்றலாம், வாழைத் திசு வளர்க்கலாம். அது காப்பாற்றுவது பிளேட்டை, உங்களை அல்ல. அதில் நோயாளியின் கல்ச்சரைத் திறப்பது, ஃபேனுக்கு முன்னால் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்துவிட்டு எதிரே போய் நிற்பதற்குச் சமம். காற்று மேலிருந்து கீழே இறங்கும் லேமினார் இன்னும் மோசம், பார்க்க அசல் கேபினெட் போலவே இருக்கும். முன் விளிம்பில் காற்றை உறிஞ்சும் சல்லடை இருக்காது, அதனால் காற்று முன்பக்கமாக வெளியேறி உங்கள் மேல்தான் வரும்.

கேபினெட்டில் முன் சல்லடை அறைக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலிருந்து சுத்தக் காற்று இறங்கும், அழுக்குக் காற்று, கிருமியையும் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா ஃபில்டர் வழியாக வடிகட்டப்படாமல் எங்கும் போகாது. சந்தேகமிருந்தால் ஓர் ஊதுபத்தி போதும். மாதிரி எதுவும் உள்ளே இல்லாதபோது, முன் திறப்புக்கு வெளியே பிடியுங்கள். புகை உள்ளே போக வேண்டும். உங்கள் பக்கம் வந்தால் அதில் நோயாளி மாதிரி எதையும் திறக்காதீர்கள். புகை உள்ளே போனாலே கேபினெட் பாஸ் என்று அர்த்தமில்லை. வருஷம் ஒரு முறை, இடம் மாற்றினால் ஒவ்வொரு முறையும், கருவி வைத்துச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும்.

சரி, அசல் கேபினெட் வாங்கியவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களிடமும் பார்த்தேன். சல்லடை மேல் ரெஜிஸ்டர், அதன் மேல் பேனா. கேபினெட்டின் தலையில் கையுறை அட்டைப்பெட்டிகள். அது பரண் இல்லை அம்மா, காற்று வெளியேறும் வழி. உள்ளே இழுக்கும் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் அரை மீட்டர். நீங்கள் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. பின்னால் ஒருவர் விறுவிறுவென்று கடந்து போனாலே அந்தக் காற்றுத் திரை கலையும். அப்படியிருக்க, எதிரே ஏசி, தலைக்கு மேல் ஃபேன், பக்கத்தில் கதவு! உள்ளே பன்சன் பர்னர் வேறு. அந்தச் சூடு காற்றோட்டத்தைக் குலைத்துவிடும், ஃபில்டரும் பாழாகும். கிருமியைத் தொட்டெடுக்க, நெருப்பில் காட்டத் தேவையில்லாத டிஸ்போசபிள் லூப் வாங்கிக்கொள்ளுங்கள்.

யுவி விளக்கைப் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பி, துடைக்காமல் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: தூசிக்கு அடியிலும் நிழலிலும் அது எட்டாது. துடையுங்கள். ஃபார்மலின், குளோரோஃபார்ம் நெடியை ஹெப்பா பிடிக்காது. அதற்கு ஃப்யூம் ஹூட் என்று வேறொரு பெட்டி இருக்கிறது.

வேலைக்கு ஐந்து நிமிடம் முன்பே ஓடவிடுங்கள். கையை உள்ளே வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். முன் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். முடிந்ததும் உடனே அணைக்க வேண்டாம்.

"எதுவும் கொட்டவில்லையே சார், உடையவில்லையே" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். 1976இல் பைக் என்பவர் தொகுத்த 3,921 லேப் தொற்றுகளில், இன்ன விபத்தால் வந்தது என்று சொல்ல முடிந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவருக்கு இப்போது டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் போகின்றன, ஆறு வாரம். முதலில் பார்த்த டாக்டரிடம், தான் லேபில் கல்ச்சர் வேலை செய்கிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. டாக்டரும் கேட்கவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், தயவுசெய்து, அதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.