வளர்ப்பு ஒட்டுண்ணி: சொல் விளக்கம்

தன் முட்டையை வேறொரு பறவையின் கூட்டில் இட்டு, அடைகாப்பதையும் குஞ்சுக்கு இரை தேடுவதையும் அதன் தலையில் கட்டிவிடும் பறவையே வளர்ப்பு ஒட்டுண்ணி; ஆங்கிலத்தில் 'ப்ரூட் பாரசைட்'. ஏமாந்து வளர்க்கும் பறவை ஓம்புயிரி. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவதை எல்லோரும் அறிவோம். அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவிகளின் கூடுகளைத் தேடிப் போகின்றன.

'பாரசைட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'பாரா' என்றால் பக்கத்தில், 'சிடோஸ்' என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து உண்பவன் என்பது முதற்பொருள். தமிழில் ஒட்டுண்ணி, ஒட்டி உண்பது. பேனுக்கும் உண்ணிக்கும் இது கச்சிதம். குயிலோ எதன் உடலிலும் ஒட்டுவதில்லை; அதனால் முன்னால் வரும் சொல்தான் பொருளைத் தாங்க வேண்டும். 'அடைகாப்பு ஒட்டுண்ணி' என்றால் பாதிப் பொருளே கிடைக்கும். முட்டை பொரிந்ததோடு சுரண்டல் நிற்பதில்லை. கூட்டைவிட்டு வெளியேறிய குயில் குஞ்சுக்கும் காகம் வாரக்கணக்கில் ஊட்டுகிறது. குயிலுக்கு வழங்கிய 'பரபுட்டம்' என்ற பழைய வடசொல் பிறரால் ஊட்டி வளர்க்கப்பட்டது என்றே பொருள்படும். ஆகவே 'வளர்ப்பு' என்பதே சரி.

கூட்டில் இதை எப்படி அறிவது? காக்கை முட்டை ஏறத்தாழ 37 × 27 மி.மீ., குயில் முட்டை 31 × 23 மி.மீ. இரண்டுமே வெளிறிய நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி கொண்டவை. நிறத்தை நம்பாமல் அளவைப் பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டில் சிக்கல் அதிகம்: வந்தேறி முட்டையும் அதே நீலம். அங்கே எண்ணிக்கை உதவும். தவிட்டுக்குருவி போன்ற பாடும் பறவைகள் நாளுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடுவதில்லை. ஒரே நாளில் இரண்டு கூடினால் ஐயம் கொள்ளலாம். ஆனால் ஒட்டுண்ணி ஒன்றை அகற்றிவிட்டு ஒன்றை இட்டிருந்தால் கணக்கு மாறாது. கழியில் கட்டிய சிறு கண்ணாடியால் பார்த்து, ஒவ்வொரு முட்டையின் அளவையும் வடிவையும் குறித்து வையுங்கள். முட்டையைத் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் 'வேட்டை'தான்.

குயில் முட்டை 13, 14 நாளில் பொரிந்து காக்கைக் குஞ்சை முந்திக்கொள்ளும். கூட்டாளிக் குஞ்சுகளை அது முதுகால் தள்ளிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது ஐரோப்பாவின் சாதாரணக் குயில் போன்றவற்றுக்குப் பொருந்தும். ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1788இல் சாதாரணக் குயிலிடம் அதைப் பதிவு செய்தார். நம் குயில் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. இரண்டும் கறுப்பு என்பதால் காலைப் பாருங்கள்: காகத்துக்கு மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னும், குயிலுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு.

தாழைக்கோழி தன் இனத்தின் இன்னொரு கூட்டிலேயே முட்டையிடுவதுண்டு. அதற்குத் 'தன்னின வளர்ப்பு ஒட்டுண்ணி' என்று எழுதலாம். பருந்து இன்னொரு பறவையின் இரையைப் பறிப்பது இதில் சேராது. அது இரைத் திருட்டு.