எல்லா வேலைக்கும் ஒரே மனம்

போன வாரம் அம்மா மடிக்கணினியில் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். போனில் ஓடிபி வந்தது: 481739. ஒரு தடவை பார்த்துக்கொண்டு 481 வரை அடித்துவிட்டார். சமையலறையிலிருந்து நான், "அம்மா, டீ போடட்டுமா?" என்று கேட்டேன். "போடு, சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவருக்கு மீதி மூன்று இலக்கங்கள் மறந்துபோயிருந்தன. மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தார்.

இதில் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கண் படித்தது, நினைவு பிடித்துவைத்தது, விரல் அடித்தது, காது கேட்டது, வாய் பதில் சொன்னது. உளவியலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வுக்கூடங்கள், தனித்தனிக் கோட்பாடுகள் உண்டு. ஆனால் ஓடிபியை மறந்த அம்மா ஒருவர்தான். அவருக்குள் இந்த வேலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நடந்தன. அந்த மோதல் எந்தத் தனிக் கோட்பாட்டுக்குள்ளும் வராது. மனதின் எல்லா வேலைகளையும் ஒரே கணினி மாதிரிக்குள் கொண்டுவர முடியுமா என்ற தேடல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் ஆலன் நியூவெல். ஹெர்பர்ட் சைமனோடும் கிளிஃப் ஷாவோடும் சேர்ந்து, தர்க்கத் தேற்றங்களை நிரூபிக்கும் புரோகிராமை 1950-களிலேயே எழுதியவர். கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 1975-இல் சைமனோடு பெற்றவர். சக ஆய்வாளர்களின் கட்டுரைகளைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லும் பொறுப்பு ஒரு கருத்தரங்கில் அவருக்கு வந்தது. கட்டுரைகள் எல்லாமே அருமை என்றார். அருமையாக இருப்பதுதான் தன்னைக் கவலைப்பட வைக்கிறது என்றும் சொன்னார். 1973-இல் அச்சான அந்த உரையை இன்று படித்தாலும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

சிறுவயதில் ஒரு விளையாட்டு விளையாடியிருப்போம். ஒருவர் ஒரு பொருளை நினைத்துக்கொள்வார். மற்றவர் ஆம், இல்லை என்று பதில் வரும் இருபது கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உளவியல் இயற்கையோடு இந்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது என்றார் நியூவெல். நினைவு ஒன்றா இரண்டா? மனம் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்கிறதா, ஒரே சமயத்தில் செய்கிறதா? பிறவியா, வளர்ப்பா? இப்படி இரண்டிரண்டாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே போகிறோம். எந்தக் கேள்வியும் முடிவுக்கு வருவதில்லை. பரிசோதனை கூடக் கூடக் குழப்பம்தான் கூடுகிறது. இன்னும் முப்பது வருடம் இப்படியே போனாலும் துண்டுகள் சேருமா என்று கேட்டார். அவர் சொன்ன வழிகளில் ஒன்று எளிமையானது: ஒரே ஒரு அமைப்பைக் கட்டு, பல வேலைகளையும் அதையே செய்ய வை.

அப்படிக் கட்டிய அமைப்புகளில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது உளவியலாளர் ஜான் ஆண்டர்சனின் ஆக்ட்-ஆர் மாதிரியைப் பற்றி. அவரும் நியூவெலைப் போலவே கார்னகி மெலன் பல்கலைக்கழகக்காரர். அம்மாவின் ஓடிபி அதற்குள் எப்படி ஓடும் என்று பார்ப்போம்.

ஆக்ட்-ஆரில் பார்வைக்கு ஒரு பகுதி, கைக்கு ஒரு பகுதி, நினைவுக்கு ஒரு பகுதி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற இலக்குக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு சிறிய தட்டு. அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் வைக்கலாம். இதை பஃபர் என்பார்கள். எல்லாத் தட்டுகளுக்கும் நடுவே விதிகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. "இலக்கு ஓடிபி அடிப்பது, திரையில் அறிவிப்பு தெரிகிறது என்றால், கண்ணை அங்கே திருப்பு" என்பது ஒரு விதி. "இலக்கத்தைப் படித்தாயிற்று என்றால், அதற்குரிய விசைக்கு விரலை அனுப்பு" என்பது இன்னொன்று. தட்டுகளில் இருப்பதோடு பொருந்தும் விதிகளில் ஒன்றே ஒன்றுதான் ஒரு சமயத்தில் இயங்கும். அதற்கு 50 மில்லி விநாடி. கவனத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த 85 மில்லி விநாடி. கண்ணும் கையும் ஒரே சமயத்தில் வேலை செய்யலாம். ஆனால் நடுவிலிருக்கும் விதி ஒற்றையடிப் பாதை. டீ பற்றிய கேள்விக்கு விதிகள் ஓடும்போது ஓடிபிக்கான விதிகள் காத்து நிற்க வேண்டியதுதான்.

காத்திருக்கும் அந்த நேரத்தில் நினைவு தேய்கிறது. எப்படித் தேய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு தகவலை நீங்கள் ஒரு தடவை பயன்படுத்தினால், அதன்பின் கடந்த விநாடிகளின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுங்கள். அதுதான் அந்த ஒரு தடவை உங்களுக்குத் தரும் பலம். 4 விநாடி கழித்து 0.5, 100 விநாடி கழித்து 0.1. பத்துத் தடவை பயன்படுத்தியிருந்தால் பத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். (கூட்டிய தொகையின் மடக்கையைத்தான் மாதிரி எடுத்துக்கொள்ளும். சூழலின் தூண்டுதலும் கொஞ்சம் தற்செயலும் அதோடு சேரும்.) பலம் குறையக் குறைய நினைவுக்கு வருவது தாமதமாகும், ஓர் எல்லைக்குக் கீழே போனால் வராது.

இதை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு போன் எண்ணை ஆயிரம் தடவை பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆனால் அதை விட்டு ஒரு கோடி விநாடி, அதாவது கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பலம் சுமார் 0.316. ஒரே ஒரு தடவை பார்த்த ஓடிபிக்குப் பத்து விநாடி கழித்து எவ்வளவு பலம்? அதே 0.316! நான்கு மாதம் தொடாத பழைய எண்ணும், பத்து விநாடிக்கு முன் பார்த்த புது எண்ணும் மனதில் சமபலத்தோடு நிற்கின்றன. அடுத்த ஒரு நிமிடத்தில் ஓடிபி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பழைய எண் அப்படியே இருக்கும். பழக்கத்துக்கு இவ்வளவு வலு ஏன் என்பது இதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, வர்க்கமூலம் எதற்கு? வேறு ஏதாவது சூத்திரம் இருந்தால் என்ன? 1991-இல் ஆண்டர்சனும் லேயல் ஸ்கூலரும் இதற்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து விடை தேடினார்கள். நியூயார்க் டைம்ஸ் தலைப்புகளில் ஒரு சொல் கடைசியாக வந்து எத்தனை நாள் ஆகிறதோ, அதற்கேற்ப அது நாளைக்கு வரும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசும் பேச்சையும், ஆண்டர்சனுக்கு வந்த மின்னஞ்சல்களையும் அப்படியே ஆராய்ந்தார்கள். மூன்றிலும் கிடைத்த வளைகோடு, மனித மறதியின் வளைகோட்டைப் போலவே இருந்தது. ஒரு விஷயம் மறுபடி தேவைப்படும் வாய்ப்பு வெளியே எப்படித் தேய்கிறதோ, அந்த வகையில்தான் உள்ளே நினைவும் தேய்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 50 மில்லி விநாடி, வர்க்கமூலத் தேய்மானம் ஆகிய இரண்டையும் ஆக்ட்-ஆர்காரர்கள் பொதுவாக வேலைக்கு வேலை மாற்றிக்கொள்வதில்லை. கூட்டல் கணக்குக்கு மாதிரி எழுதுபவரும் அதே எண்களோடுதான் தொடங்குகிறார், கார் ஓட்டுவதற்கு எழுதுபவரும் அதே எண்களோடுதான். தனித்தனிக் கோட்பாடாக இருந்தால் அவரவர் வசதிக்கு எண்ணைத் திருகிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் குடியிருந்தால் அது முடியாது. ஒருங்கிணைந்த கோட்பாட்டின் பெரிய பலன் இந்தக் கட்டுப்பாடுதான் என்பது என் எண்ணம்.

இதற்கு டேரியோ சால்வூச்சி 2001-இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அவரிடம் ஆக்ட்-ஆரில் எழுதிய ஓட்டுநர் மாதிரி ஒன்று இருந்தது. அது சாலையில் அருகே ஒரு புள்ளி, தூரத்தில் ஒரு புள்ளி என்று மாறி மாறிப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பும். போன் எண்ணை அழுத்தும் மாதிரிகளைத் தனியாக எழுதினார்: எண்களை முழுதாக அழுத்துவது, சுருக்க எண்ணை அழுத்துவது, இரண்டையும் குரலால் சொல்வது என நான்கு. அப்புறம் ஓட்டுநரையும் போனையும் ஒரே மனதுக்குள் போட்டு ஓடவிட்டார்.

கண் போனுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சாலையின் இரண்டு புள்ளிகளும் பார்க்கப்படாமல் கிடக்கும். விதிகளின் ஒற்றையடிப் பாதையில் போனின் விதி ஓடும்போது ஸ்டீயரிங்கின் விதி காத்திருக்கும். அதற்குள் கார் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். கையால் அழுத்தினால் கார் தன் தடத்துக்குள் அலைபாயும், குரலால் சொன்னால் அந்தப் பாதிப்பு மிகக் குறைவு என்று மாதிரி முன்கூட்டியே சொன்னது. பிறகு ஆட்களை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தபோதும் போக்கு அப்படித்தான் இருந்தது. "போன் கவனத்தைச் சிதறடிக்கும்" என்று தனியாக ஒரு விதியை அவர் எழுதியிருக்கவில்லை. இரண்டு வேலைகளை ஒரே மனதுக்குள் வைத்தார். சிதறல் தானாக வந்தது.

நியூவெலும் சும்மா இருக்கவில்லை. ஜான் லெயர்ட், பால் ரோசன்புளூம் இருவரோடும் சேர்ந்து 1980-களில் ஸோர் என்ற அமைப்பைக் கட்டினார். 1987-இல் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ் சொற்பொழிவுகளில் தன் வாதத்தை விரித்துச் சொன்னார். 1990-இல் அது புத்தகமானது. 1992-இல் காலமானார். ஸோரின் அழகு, அது திகைத்து நிற்கும் விதம். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால், அந்தத் திகைப்பையே ஒரு புதுச் சிக்கலாக எடுத்துத் தீர்க்கும். தீர்ந்ததும் விடையை ஒரு விதியாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும். புது ஊரில் முதல் நாள் ஒரு முச்சந்தியில் நின்று யோசித்தவர், அடுத்த வாரம் யோசிக்காமலே திரும்புகிறார் அல்லவா, அது மாதிரி.

இவற்றின் மீது ஒரு நியாயமான குற்றச்சாட்டும் உண்டு. இவை கிட்டத்தட்ட நிரலாக்க மொழிகள். சாமர்த்தியமான ஆள் எந்த நடத்தைக்கும் பொருந்தும்படி விதிகளை எழுதிவிடலாம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பொருத்திக்காட்டிய மாதிரியைவிட முன்கூட்டியே சொன்ன மாதிரிக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அதனால்தான் சால்வூச்சியின் காரைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு ஆறுதலும் உண்டு. 2017-இல் லெயர்ட், ரோசன்புளூம், ஆக்ட்-ஆர் தரப்பிலிருந்து கிறிஸ்டியன் லெபியர் ஆகியோர் உட்கார்ந்து ஒப்பிட்டபோது, தனித்தனியாக வளர்ந்த அமைப்புகள் நிறைய இடங்களில் ஒத்துப்போயின: நடுவே இந்த நேரத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்திருக்கும் செயல் நினைவு, அதைச் சுற்றி உண்மைகளுக்கு ஒரு நீண்டகால நினைவு, செய்முறைகளுக்கு இன்னொன்று, புலன், இயக்கம், ஒரு சுற்றுக்குச் சுமார் 50 மில்லி விநாடி.

2025-இல் நேச்சர் இதழில் சென்டார் என்ற மாதிரி வெளியானது. எழுத்தைப் படித்து எழுத்தாகவே பதில் தரும் லாமா என்ற மொழி மாதிரியை எடுத்து, 160 உளவியல் பரிசோதனைகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் எடுத்த ஒரு கோடிக்கும் அதிகமான முடிவுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். பழக்கும்போது அதற்குக் காட்டாத ஆட்கள் என்ன தேர்ந்தெடுப்பார்கள் என்பதைப் பெரும்பாலான பரிசோதனைகளில் அது பழைய மாதிரிகளைவிட நன்றாகக் கணித்தது. பெரிய சாதனைதான். ஆனால் அதற்குள் இருப்பவை 7,000 கோடி எண்கள். அம்மாவின் 739 ஏன் மறைந்தது என்று அவற்றில் எதைத் தொட்டுக் காட்டுவது? பரிசோதனைகள் எல்லாம் எழுத்தாகத்தான் அதற்குள் போயின. கண்ணும் விரலும் ஒற்றையடிப் பாதையில் முட்டிக்கொள்ளும் இடம் அதில் இல்லை.

ஆக்ட்-ஆர், ஸோர் போன்ற அமைப்புகள் ஒரு பக்கம், மொழி மாதிரிகள் இன்னொரு பக்கம்; இரண்டும் இப்போது நெருங்கி வருகின்றன. மொழி மாதிரிகளை வைத்துத் தாமாக வேலை செய்யும் ஏஜென்ட்டுகளைக் கட்டுபவர்களுக்காக 2023-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு வரைபடம் போட்டார்கள். செயல் நினைவு, அனுபவ நினைவு, உண்மைகளின் நினைவு, செய்முறைகளின் நினைவு என்று அதில் இருக்கும் பெட்டிகளை எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: ஸோரிலிருந்து.