பீச் கொப்ளரும் கண்ணாடிப் பாத்திரமும்: மறுபடியும் ஒருமுறை சொல்கிறேன்

கடந்த சனிக்கிழமை காலை பதினொரு மணியளவில் என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ரீச்சர், தட்டு வெடிச்சிட்டுது, காலெல்லாம் பட்டிட்டுது" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. மூன்று தெரு தள்ளித்தான் வீடு என்பதால் ஓடிப்போய்ப் பார்த்தேன். குசினித் தரை முழுவதும் உருகிய பட்டரும் சீனிப்பாகும் கண்ணாடித் துண்டுகளும் கிடந்தன. நடுவே மஞ்சள் மஞ்சளாய்ப் பீச் துண்டங்கள் சிதறிக்கிடந்தன. அவருடைய வலது புறங்காலில் கோழி முட்டை அளவுக்குத் தோல் சிவந்து, அதன்மேல் வெள்ளை வெளேரென்று பற்பசை பூசப்பட்டிருந்தது.

இந்த ஆண்டில் எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. நான்கிலும் உடைந்தது கண்ணாடிப் பாத்திரம். மூன்றில் செய்துகொண்டிருந்த பண்டம் பீச் கொப்ளர். திருகோணமலையில் பதினெட்டு ஆண்டுகளாக வெதுப்பல் வகுப்பு நடத்துகிறேன். அதற்கு முன்னர் தகப்பனாரின் பேக்கரியில் விறகுப் போறணையின் வெக்கையில் நின்று வளர்ந்தவள். போறணை வாயில் கைமயிர் பொசுங்கியதுண்டு, தட்டு வெடித்ததில்லை. அங்கே எங்களிடம் இருந்தவை எல்லாம் தகரத் தட்டுகள்.

கொப்ளர் என்பது ஒன்றும் பெரிய வித்தையன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வீட்டுக்கு வீடு செய்யும் எளிய பழப் பண்டம் அது. உருகிய பட்டரின்மேல் தோசை மாவைவிடச் சற்றுத் தடிப்பான மாக்கலவையை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் பரப்பி, கிளறாமல் வேகவைத்தால், மா மேலெழுந்து பழத்தை அணைத்துக்கொள்ளும். பீச் நம் ஊரில் விளையாது. குளிர்காலம் என ஒன்று இருந்தால்தான் அந்த மரம் பூக்கும். ஆகவே ரின்னில் அடைத்த பீச்தான் நமக்குக் கதி, அதில் குறையொன்றும் இல்லை. குறை முழுவதும் காணொளிகளில் காட்டப்படும் ஒரு படிமுறையில் இருக்கிறது. கண்ணாடிப் பாத்திரத்தில் பட்டர் கட்டியைப் போட்டு, அதை அப்படியே சூடான அவணுக்குள் வைத்து உருகவிட்டு, வெளியே எடுத்து, மாக்கலவையை ஊற்றி, பிரிட்ஜிலிருந்து எடுத்த பீச்சை அள்ளிப் போடச் சொல்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. பட்டர் பொங்கும் தட்டில் மா விழும்போது எழும் 'ஸ்ஸ்' என்ற ஓசைக்காகவே அந்தக் காட்சியை எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அந்த முறை வார்ப்பிரும்புச் சட்டிக்கு உரியது. அந்நாட்டுப் பாட்டிமார் கனத்த இரும்புச் சட்டியில் பட்டரை உருக்கி, அதே சூட்டில் மாவை ஊற்றினார்கள். அந்தச் சூட்டில்தான் ஓரம் மொறுமொறுப்பாக வரும். இரும்பு அதைத் தாங்கும், கண்ணாடி தாங்காது. 180 பாகை செல்சியசில் இருக்கும் கண்ணாடியில் 5 பாகையில் இருக்கும் பழம் விழுகிறது என்பதை ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்த்தால் எவரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் எண்ணிப் பார்க்க விடாமல் தடுப்பது பாத்திரத்தின் அடியில் பொறித்திருக்கும் ஒரு வாசகம். அதைப் பற்றித்தான் நான் சற்று நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

"அவணுக்குள்ள வைக்கலாம் எண்டு தட்டிலேயே போட்டிருக்கே ரீச்சர்." நான்கு பேரும் சொல்லிவைத்தாற்போல இதையே சொன்னார்கள். ஆம், போட்டிருக்கிறது. அந்த வாசகம் சொல்வது, அவணின் சூட்டை அந்தப் பாத்திரம் தாங்கும் என்பதை மட்டுமே. மெல்ல மெல்லச் சூடேறினால் தாங்கும். மெல்ல மெல்ல ஆறினாலும் தாங்கும். சூட்டிலிருந்து குளிருக்கோ குளிரிலிருந்து சூட்டுக்கோ ஒரே நொடியில் தூக்கிப் போட்டாலும் தாங்கும் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. மாறாக, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சிறு தாளில் அப்படிச் செய்யக்கூடாது என்றே அச்சிட்டிருப்பார்கள். நம் வீடுகளில் அந்தத் தாள் பெட்டியைப் பிரித்த அன்றே குப்பைக்குப் போய்விடுகிறது. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாமிமார் அனுப்பும் பொதிகளிலோ, இடம் பிடிக்கும் என்று பெட்டியையே கழற்றிவிட்டுத் துவாயில் சுற்றித்தான் பாத்திரம் வருகிறது.

அடுத்த வாதம், "இது நல்ல கொம்பனிச் சாமான்" என்பது. கண்ணாடியின் குணம் கொம்பனியின் பெயரில் இல்லை, அதைக் காய்ச்சிய சேர்மானத்தில் இருக்கிறது. 1913இல் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பணியாற்றிய ஜெசி லிற்றில்ரன் என்ற ஆய்வாளரின் மனைவி பெசி, மின்கல ஜாடியின் அறுத்தெடுத்த அடிப்பகுதியில் கேக் சுட்டுப் பார்த்தார். அது உடையவில்லை. அதன் தொடர்ச்சியாக 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அவணுக்கான கண்ணாடிப் பாத்திரங்கள் சந்தைக்கு வந்தன. அவை போரோசிலிக்கேற் என்ற கண்ணாடியால் ஆனவை. இன்று கடைகளில் கிடைக்கும் அவண் பாத்திரங்களில் பல, சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியைப் பதப்படுத்திச் செய்யப்படுபவை. சூடேறும்போது அது போரோசிலிக்கேற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். கைதவறி விழுந்தால் தாங்கும் வலு அதற்கு அதிகம். சூடும் குளிரும் ஒருசேரப் பட்டால் தாங்கும் வலு குறைவு. உடையும்போது இரண்டு துண்டாகப் பிளக்காமல் நூறு துண்டாகச் சிதறும். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. போரோசிலிக்கேற்றாகவே இருந்தாலும் கொதிக்கும் பட்டரின்மேல் குளிர்ந்த பீச்சைக் கொட்ட அது அனுமதிச் சீட்டன்று.

"போன முறையும் இப்பிடித்தான் செய்தனான், ஒண்டும் நடக்கேல்லையே" என்பார்கள். போன முறை அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். இரும்புத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்த தடம், கரண்டி விளிம்பு பட்ட தடம், அலுமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதில் உரசிய தடம் என ஒவ்வொன்றும் அடுத்த முறைக்கான கடன். விளிம்பில் கடுகளவு சிதைவு தெரிந்தாலும் அந்தப் பாத்திரத்தை அவணுக்குள் விடாதீர்கள். வெங்காயம் போட்டு வையுங்கள்.

நம் வீடுகளில் பலரும் வைத்திருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய மின் அவண். அதில் சூட்டுக் கம்பி பாத்திரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்கூட இல்லை. அவண் சூடேறும் வேளையில் கம்பி செக்கச் செவேலென்று எரியும். அப்போது கண்ணாடி உள்ளே இருந்தால் கம்பிக்கு நேராக இருக்கும் பக்கம் மட்டும் தனியாகச் சூடேறும். ஆகவே அவணை முதலில் முழுதாகச் சூடாக்கிவிட்டுத்தான் பாத்திரத்தை உள்ளே வைக்க வேண்டும். மேற்கம்பியை மட்டும் எரியவிட்டு மேற்பரப்பைச் சிவக்கவைக்கும் வேலை கண்ணாடிப் பாத்திரத்துக்கு அறவே ஆகாது. வெளியே எடுத்ததும் ஈரத்துணியால் அப்போதுதான் துடைத்த மாபிள் மேடையில் வைப்பதும் ஆகாது. சனிக்கிழமை நடந்தது இதுதான்: ஈர மேடையில் பாத்திரம், அதற்குள் கொதிக்கும் பட்டர், மேலே பிரிட்ஜ் பீச். தூக்கி அவணுக்குள் வைக்கப்போன நேரத்தில் அடி கழன்று கொட்டியது. மரப்பலகையோ நான்காக மடித்த காய்ந்த துவாயோ போதும். காய்ந்தது என்பதை இரண்டு முறை வாசியுங்கள். ஈரக் கைபிடித்துணியால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடித்தால் பாத்திரத்தோடு கையும் போகும்.

இனி, நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முறையைச் சொல்கிறேன். 23 சென்ரிமீற்றர் சதுரமும் 5 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தகர கேக் தட்டையோ எனாமல் தட்டையோ எடுங்கள். அடி கழலும் தட்டு வேண்டாம். பட்டர் ஒழுகிக் கம்பியில் விழுந்து வீடே புகைமண்டலமாகும். மூலைக்கடையில் வாங்கும் வெறும் அலுமினியத் தட்டாயின் ஒயில் பேப்பர் விரியுங்கள். பீச்சின் புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் உலோக வாடை அடிக்கும். 820 கிராம் பீச் ரின் ஒன்றை வடித்துப் பழத்தைத் துண்டங்களாக்கி, வடித்த பாகில் மூன்று மேசைக்கரண்டியும் பாதித் தேசிக்காயின் புளியும் அரைத் தேக்கரண்டி கறுவாத்தூளும் சேர்த்து, சிறு தாச்சியில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். பழம் இளஞ்சூட்டில் இருந்தால் மா விரைவாக வேகும். நடுவில் பச்சை மா நிற்கிறது என்று எனக்கு வரும் மற்ற முறைப்பாட்டில் பாதி இத்துடன் தீரும்.

85 கிராம் பட்டரை அடுப்பில் தனியாக உருக்கித் தட்டில் ஊற்றுங்கள். 125 கிராம் கோதுமை மா, 100 கிராம் சீனி, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 180 மில்லிலீற்றர் பால் ஆகியவற்றைக் கட்டி உடையும் அளவுக்கு மட்டும் கலக்கி, பட்டரின்மேல் ஊற்றி, பழத்தைப் பரப்புங்கள். கிளறாதீர்கள். கிளறினால் அது கொப்ளர் அன்று, களி. சீனக்குடா ஆலையிலிருந்து வரும் சாதாரண கோதுமை மாவே போதும். வெளிநாட்டு மா வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. பேக்கிங் பவுடர் மட்டும் புதிதாக இருக்கட்டும். கடற்காற்று வீசும் ஊரில் மூடி சரியாக மூடாத டப்பா ஒரு மாரிகாலத்தைத் தாண்டாது. அரைத் தேக்கரண்டியைச் சுடுநீரில் போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும்.

190 பாகையில் 40 முதல் 45 நிமிடம். சிறிய அவணில் மேற்பரப்பு 25 நிமிடத்திலேயே சிவந்துவிடும், அதை நம்பி எடுத்துவிடாதீர்கள். ஈயத்தாளால் தளர்வாக மூடி மீதி நேரத்தையும் விடுங்கள். ஈர்க்கைப் பழத்தில் குத்தாமல் மாப்பகுதியில் குத்திப் பார்க்க வேண்டும். எடுத்த பின் அரை மணி நேரம் எவரும் தொடக் கூடாது, குறிப்பாகச் சிறுவர்கள். மேலே ஆறினாற்போல இருக்கும் பாகு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். தண்ணீரைப்போல வழிந்தோடாமல் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடுவது அதன் குணம்.

சுட்டுவிட்டால் பற்பசை, தேங்காயெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் மேல்தொட்டிக் குழாயில் முதலில் வருவது சுடுநீர் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை ஓடவிட்டுக் குளிர்ந்த பின் காட்டுங்கள், கிணறு இருந்தால் கிணற்று நீரை வாருங்கள். வீங்குமுன் காப்பு, மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கொப்புளம் போட்டாலோ, சுட்டது குழந்தையையானாலோ, முகம், கை, பாதம், மூட்டு எதிலாவது பட்டாலோ வைத்தியரிடம் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமில்லாத அம்புலன்ஸ் வரும். இதற்கு மேல் நான் சொல்வது என் வேலையன்று.

என்னை மிகவும் பதறவைத்தது காயமன்று. கால் கழுவி முடித்து நான் நிமிர்ந்தபோது அந்த வீட்டுப் பெரியம்மா வடிகட்டியும் கரண்டியுமாகக் குனிந்திருந்தார். "மேல கிடக்கிற பீச்சையாவது கழுவி எடுப்பம் பிள்ளை, ஒரு ரின் என்ன விலை விக்குது" என்றார். அவர் மனத்தாங்கல் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் சிதறிய கண்ணாடியின் தூள் பாகோடு ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாமல், கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும். அவணுக்குள் ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள், தயவு செய்து. நாய்க்கும் கோழிக்கும் போடாதீர்கள். தடித்த கடதாசியில் சுற்றி, கண்ணாடி என்று எழுதிக் குப்பைக்குக் கொடுங்கள். அள்ளுபவருக்கும் கை இருக்கிறது. தரையை ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்து, ஒரு வாரமாவது குசினியில் செருப்போடு நடவுங்கள்.

கண்ணாடியில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி விடுகிறேன். அறைச்சூட்டில் இருக்கும் பாத்திரம், தனியே உருக்கிச் சற்று ஆறவிட்ட பட்டர், அறைச்சூட்டில் இருக்கும் பழம், முன்பே சூடான அவண். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மிஞ்சியதைப் பாத்திரத்தோடு பிரிட்ஜில் வைத்து மறுநாள் அப்படியே அவணுக்குள் தள்ளாமல், வேண்டியதை வேறு தட்டுக்கு மாற்றிச் சூடாக்குங்கள். மீந்த பீச்சையும் திறந்த ரின்னிலேயே விடாதீர்கள். புளிப்பு தகரத்தை அரிக்கும், மூடியுள்ள போத்தலுக்கு மாற்றுங்கள்.

அந்த மாணவியின் கால் தேறி வருகிறது. பாத்திரத்தை அனுப்பிய மாமிக்கு என்ன சொல்வது என்று நேற்றுக் கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள், மற்றப் பாத்திரத்துக்குரிய தாள் இன்னும் அவரிடம் இருந்தால் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அது சோடியாக வந்த பாத்திரம். மற்றது இப்போது மாணவியின் வீட்டு மேசையில் பூண்டும் வெங்காயமும் தாங்கிக்கொண்டிருக்கிறது.