பதிவேட்டில் ஓய்வு இருக்கிறது, உடம்பில் இல்லை

பெல்ஃபாஸ்டிலிருந்து கப்பல் புறப்பட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சமையற்கூடத்திலிருந்து ஓர் இளைஞரை மருத்துவ அறைக்கு அழைத்து வந்தார்கள். சூடான தட்டின் விளிம்பு பட்டு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே அவருடைய தோல் வெந்திருந்தது. ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டச் சொல்லிவிட்டு, நன்றாகத் தூங்கினீர்களா என்று, வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அந்த நேரத்தில் கேட்டேன். "நல்லா தூங்கினேனே சிஸ்டர்" என்றார். மணி வாரியாகச் சொல்லச் சொன்னபோது, கோவ், டப்ளின், பெல்ஃபாஸ்ட் என்ற மூன்று துறைமுக நாட்களிலும் சேர்த்து அவர் தூங்கியது பதினொரு மணி நேரம்தான் என்று தெரிந்தது. ஓய்வு நேரப் பதிவேட்டிலோ அதே மூன்று நாட்களுக்கு நாற்பது மணி நேரத்தை ஒட்டிய ஓய்வு பதிவாகியிருந்தது.

அந்தப் பதிவேட்டில் யாரும் பொய் எழுதவில்லை என்பதுதான் நான் இதை எழுதுவதற்குக் காரணம்.

சொகுசுக் கப்பல்களின் மருத்துவப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் எனக்கு, பயணிகளைப் போலவே பணியாளர்களும் நோயாளிகள்தாம். அயர்லாந்தைச் சுற்றும் கோடைப் பயணங்களில் என்னிடம் வரும் பணியாளர்களின் காயங்களுக்கும் வயிற்று நோய்களுக்கும் பின்னால், புயலையோ பேரலையையோவிடத் தூக்கமின்மையைத்தான் அதிகம் காண்கிறேன். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 என்ற பன்னாட்டுச் சட்டத்தின்படி ஒரு பணியாளருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த 7 நாட்களிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். நாளின் ஓய்வை இரண்டு துண்டுகளுக்கு மேல் உடைக்கக் கூடாது. அவற்றில் ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்தின் மொழியில் ஓய்வு என்பது வேலை செய்யாத நேரம் மட்டுமே. கரையில் இறங்கிக் கடைத்தெருவில் நடப்பதும் ஓய்வு, பணியாளர் பாரில் பாட்டுப் பாடுவதும் ஓய்வு, கட்டிலில் படுத்து வீட்டுக்குக் காணொளியில் பேசுவதும் ஓய்வு. தூக்கத்தைப் பதிவேடு கேட்பதில்லை.

கோவ் துறைமுகத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை 6 மணி முதல் 10 மணி வரை காலை உணவு வேலை. பயணிகள் இறங்கியதும், 10.15-க்குப் படகுப் பயிற்சிக்கான மணி அடிக்கும். பயணிகள் இல்லாத நேரம் என்பதால் பணியாளர்களுக்கான அவசரகாலப் பயிற்சியைப் பெரும்பாலும் துறைமுகக் காலைகளில்தான் வைப்பார்கள். பதினொரு மணிக்கு விட்டால் மாலை 5 மணி வரை நேரம் இருக்கிறது. ரயில் நிலையம் கப்பல் வந்து நிற்கும் துறையை ஒட்டியே இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் கார்க் நகரத்துக்குப் போய்விடலாம். போய், சுற்றி, வாங்கி, ஓடித் திரும்பி, மீண்டும் 5 முதல் இரவு 11 வரை வேலை. அதன்பின் நண்பர்களோடு ஒரு மணி நேரம், குளியல், அலைபேசி எல்லாம் முடிந்து கண்ணை மூடும்போது மணி ஒன்றரை. ஐந்தேகாலுக்கு எழுப்பொலி. பதிவேட்டின்படி அன்றைய ஓய்வு 13 மணி நேரத்துக்கு மேல்; தூக்கம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. இப்படி ஒரே ஒரு நாள் என்றால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஆனால் கரீபியன் பயணங்களில் இடையிடையே வருவது போன்ற, எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கடல் நாள் இங்கே அடிக்கடி வராது. கோவிலிருந்து டப்ளினும், டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டும் ஓரிரவுத் தொலைவில் இருப்பதால் அடுத்தடுத்த நாட்களும் துறைமுக நாட்களாகவே அமைகின்றன.

(கோவ் என்பதற்கு வேற்றுமை உருபு சேர்க்கும்போது தமிழருக்கு ஒரு சங்கடம் உண்டு. "கோவில்ல இறங்கிட்டோம்" என்று ஒருவர் வீட்டுக்குச் செய்தி அனுப்ப, எந்தக் கோயில் என்று அவருடைய அம்மா கேட்ட கதையை எங்கள் உணவுக்கூடத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். டன் லீரி என்ற துறைமுகத்தின் பெயரை அதன் ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்து உச்சரிக்க முயன்றவர்களின் கதை வேறு.)

இதோடு வெளிச்சமும் ஏமாற்றும். ஜூன் மாதத்தில் டப்ளினில் சூரியன் மறைய இரவு 10 மணியை நெருங்கிவிடும். காலை 5 மணியளவில் மறுபடியும் உதித்துவிடும். பத்து மணிக்கு மேல்தளத்துக்கு வந்து பார்த்தால் நம் ஊரின் மாலை ஆறரை மணி போலத்தான் இருக்கும். அந்த வெளிச்சம் மூளைக்கு இன்னும் பொழுது இருக்கிறது என்று சொல்லிவிடுவதால், சன்னலில்லாத இருட்டறையில் போய்ப் படுத்தாலும் தூக்கம் வரத் தாமதமாகும். இரவு வேலை முடிந்தபின் மேல்தளத்தில் நின்று பேசாமல் நேரே அறைக்குப் போகும்படி நான் சொல்வதை அறிவுரை என்று நினைத்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே 0.05 சதவீதத்தைத்தான் பாதுகாப்புப் பொறுப்புள்ள பணியாளர்களுக்கான மேல்வரம்பாகப் பன்னாட்டுப் பயிற்சித் தர விதிகள் வைத்திருக்கின்றன; பல நிறுவனங்கள் அதைவிடக் கடுமையாகவும் இருக்கின்றன. மதுவை அளக்க ஊதுகருவி இருக்கிறது. தூக்கமின்மையை அளக்க இறங்குபடியில் யாரும் கருவியோடு நிற்பதில்லை.

மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. 4.2 சதவீத கின்னஸ் இரண்டு பைண்ட் குடித்தால், ஏறத்தாழ 38 கிராம் தூய மது உடலுக்குள் போகிறது. மணிக்கு 7 அல்லது 8 கிராம் வீதம் அது வெளியேற ஐந்து மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்குக் குடித்துவிட்டு ஐந்து மணிக்கு வேலைக்கு வருபவர் கணக்கில் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறார். ஷானன் கழிமுகத்தில் உள்ள ஃபாய்ன்ஸ் துறைமுகத்தில் இறங்குபவர்கள், 1940-களில் ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் அங்கேதான் ஐரிஷ் காபியை உருவாக்கினார் என்பதற்காக அதைக் குடித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். அதிலுள்ள காபி விஸ்கியை முறித்துவிடாது. போதையிலிருப்பவரை விழித்திருக்க மட்டுமே வைக்கும்.

அடுத்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். நோரோ வைரஸ் தொற்றி 12 முதல் 48 மணி நேரத்துக்குள் நோய் தெரியவரும் என்பதால், கோவ் துறைமுகத்தில் தொற்றியது டப்ளினிலோ பெல்ஃபாஸ்டிலோ வெளிப்படும். அறிகுறி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை தனிமை அறையில் இருக்க வேண்டும். அதாவது இன்னும் இரண்டு துறைமுகங்கள் கைவிட்டுப் போகும். "பெல்ஃபாஸ்ட்ல இறங்கணும்னு இருந்தேன் சிஸ்டர், அதான் சொல்லல" என்று உணவு பரிமாறும் ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஏழு மாதமாகக் கப்பலுக்குள்ளேயே அடைந்து கிடந்து, டைட்டானிக் கட்டப்பட்ட இடத்தைத் தன் பிள்ளைகளுக்குப் படம் பிடித்து அனுப்பக் காத்திருந்தவரிடம் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? அவர் மறைத்ததால் அவருடைய அறைத்தோழரும் மேசைப் பயணிகள் சிலரும் நோயுற்றார்கள். கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் இந்த வைரஸை நன்றாகக் கொல்லாது; சோப்பும் தண்ணீரும்தான் கழுவித் தள்ளும். நோயை அறிவித்தவரைத் தண்டிப்பது போல நடத்தும் மேற்பார்வையாளர்கள்தாம் மறைப்பதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதையும் நான் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கப்பல் துறையில் கட்டப்படாமல் நங்கூரமிட்டு நிற்கும் இடங்களும் உண்டு. டன் லீரி, டன்மோர் ஈஸ்ட், பான்ட்ரி வளைகுடா, கால்வே போன்ற இடங்களில் கரைக்குப் போக டெண்டர் படகுதான். அட்லாண்டிக்கின் ஏற்ற அலை உள்ளே வரும் நாட்களில் படகும் கப்பலின் மேடையும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கும். பயணிகளைக் கைகொடுத்து ஏற்றும் பணியாளரின் முழங்கையும் கணுக்காலும்தான் அங்கே முதலில் அடிபடுகின்றன. கோடையிலும் இங்கே கடல்நீர் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். விழுந்தவருக்கு முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சுத் திணறி வாய்வழியே தண்ணீர் போவதுதான் ஆபத்து, நீச்சல் தெரிந்தாலும் சரி. நம் ஊர்க் கடலில் வளர்ந்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். துறையில் கட்டிய கப்பலிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஓதம் ஏறி இறங்க இறங்கக் கேங்வே என்ற இறங்குபடியின் சரிவு மாறிக்கொண்டே இருக்கும். காலையில் சமமாக இறங்கிய வழியே மாலையில் மழையில் நனைந்து செங்குத்தாக நிற்கும். கை நிறையப் பைகளோடு, கடைசி நிமிடத்தில் ஓடி வருபவர்கள்தாம் அதில் வழுக்குகிறார்கள்.

குமட்டலுக்கு ஊரிலிருந்து அவோமின் மாத்திரை கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். அது வேலை செய்யும். கூடவே தூக்கத்தையும் வரவழைக்கும். ஏற்கெனவே தூக்கம் குறைந்தவர் அதை விழுங்கிவிட்டு இறைச்சி வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்கக் கூடாது. அயர்லாந்தின் மருந்துக் கடைகளில் கோடீன் கலந்த வலி மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமலே, மருந்தாளுநரிடம் பேசிவிட்டு வாங்கலாம். முதுகுவலிக்கு அதை வாங்கி விழுங்குபவருக்குக் கப்பலின் திடீர்ப் போதைப்பொருள் சோதனையில் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து, தெரியவரலாம். வாங்கிய மாத்திரையை அட்டையோடு எங்களிடம் காட்டிப் பதிந்துகொண்டால் அந்தச் சிக்கல் வராது.

கரையிறங்கும் அனுமதி பற்றி ஒரு குழப்பம் தொடர்ந்து நிலவுகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை. பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்தோ பிரித்தானியாவைச் சேர்ந்தது. ஒரே தீவில் இரண்டு நாடுகள், இரண்டு குடிநுழைவுச் சட்டங்கள், யூரோவும் பவுண்டும் என இரண்டு நாணயங்கள். இரண்டுக்கும் இடையிலான நில எல்லையில் பொதுவாக யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால், டப்ளினில் இறங்கி ரயிலில் வடக்கே போய்வரலாம் என்று நினைத்துவிடக் கூடாது. உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்தத் துறைமுகத்துக்கான அனுமதி. டப்ளினில் பணியில் சேர வருபவருக்கு அதற்கென்றே தனி விசா உண்டு. முகவர் அதை எடுத்துத் தராமல் விமானச்சீட்டை மட்டும் கையில் கொடுத்தால் புறப்படாதீர்கள்.

ஐ.பி.எம். என்று நாங்கள் சொல்லும் துறைமுகக் காவல் முறையால், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பகுதியினர் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். தன் பெயர் பட்டியலில் வந்தால் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். 1912 ஏப்ரல் 11 அன்று, அப்போது குயின்ஸ்டவுன் என்று பெயர் பெற்றிருந்த இதே கோவ் நகருக்கு வெளியே டைட்டானிக் இரண்டு மணி நேரம் நின்றபோது, பணியாளர்கள் கரையிறங்க வழியே இல்லை. அவ்வூர்க்காரரான ஜான் காஃபி என்ற கொதிகலன் பணியாளர் மட்டும் அஞ்சல் மூட்டைகளுக்கு இடையே ஒளிந்து படகில் தப்பிப் போனார். கரைமேல் உள்ள ஏக்கம் புதிதல்ல. ஆனாலும் பெயர் ஐ.பி.எம். பட்டியலில் இருக்கும் நாளை உறங்குவதற்கான நாளாக எடுத்துக்கொண்டவர்களை நான் மருத்துவ அறையில் அதிகம் பார்ப்பதில்லை.

ஓய்வு நேரமே உண்மையில் கிடைக்காமல், பதிவேட்டில் மட்டும் கிடைத்ததாக எழுதச் சொன்னால், அது வேறு விஷயம், அது குற்றம். கப்பலுக்குள்ளேயே முறையிடும் வழி உடன்படிக்கையில் இருக்கிறது. அது பயன்படாவிட்டால் துறைமுகத்தில் அரசு ஆய்வாளர்களிடம் முறையிடலாம். அயர்லாந்தில் கடல்சார் ஆய்வு அலுவலகம் அந்தப் பணியைச் செய்கிறது. உங்கள் கைக்கணக்கு ஒன்றைத் தேதி வாரியாகக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் உடல்நலம் கெட்டால் 112 அல்லது 999. இரண்டும் இரு பகுதிகளிலும் வேலை செய்யும். கடலில் இருக்கும்போது எங்கள் மருத்துவருக்கும் துணை தேவைப்பட்டால், கார்க் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து இயங்கும் மெடிகோ கார்க் என்ற வானொலி மருத்துவ ஆலோசனைப் பிரிவு இரவு பகலாக இருக்கிறது.

கையில் ஆறிவரும் புண்ணோடு அந்த இளைஞர் அடுத்த சுற்றிலும் கோவ் துறைமுகத்தில் இறங்கினார். இம்முறை கார்க் போகவில்லை. படகுப் பயிற்சி முடிந்ததும் அறைக்குப் போய் மூன்று மணி வரை தூங்கிவிட்டு, மேட்டின்மேல் நிற்கும் புனித கோல்மன் பேராலயம் வரை நடந்து போய், அதன் 49 மணிகளில் சில ஒலிப்பதைக் கேட்டுவிட்டு நாலரைக்குத் திரும்பியிருந்தார். "கோவில்ல கோயிலுக்குப் போயிட்டு வந்தேன் சிஸ்டர்" என்றார், கட்டுத்துணியை மாற்றிக்கொள்ள வந்தபோது.