சடுதி மாற்றம் வேண்டாம், திரிபு போதும்

மரபணுவில் நேரும் மாறுதலை, அதாவது மியூட்டேஷனை, நம் பாடப்புத்தகங்கள் 'சடுதி மாற்றம்' என்று எழுதுகின்றன. அது பள்ளித் தேர்வோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது அது மூளைக்கட்டி நோயாளிகளின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அறுவை சிகிச்சையில் எடுத்த சதையைச் சோதித்து ஆங்கிலத்தில் அறிக்கை தருகிறார்கள். வீட்டார் அதைச் செல்போனில் தமிழாக்கிப் பார்க்கிறார்கள். திருவனந்தபுரத்தில் அறுவை முடித்துத் திரும்பிய ஒரு பையனின் தகப்பனார், அம்பாசமுத்திரத்துக்காரர், அப்படிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சடுதின்னு போட்டிருக்கே அண்ணாச்சி, போன மாசம் பைக்குல இருந்து விழுந்தாம்லா, அதுலதான் வந்திருக்குமோ?" பைக் வாங்கிக் கொடுத்த தாய்மாமனோடு அந்த வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. அவனுக்கு வந்ததோ மெதுவாக, வருஷக்கணக்கில் வளரும் வகைக் கட்டி. கட்டியால் வந்த வலிப்பில் அவன் விழுந்திருக்கலாமே தவிர, விழுந்ததால் கட்டி வரவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'மூட்டாரே' என்றால் மாற்றுதல். அதில் சடுதி எங்கும் இல்லை. 1901இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ், ஈனோதீரா என்ற செடியில் கண்ட மாறுதல்களை வைத்து, புதிய இனங்கள் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்றொரு கொள்கையை முன்வைத்தார். அந்தக் கொள்கை பின்னால் நிலைக்கவில்லை. அதன் சாயல்தான் நம் 'சடுதி'யில் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். சடுதியும் வடமொழி 'ஜடிதி'யின் வழியில் வந்ததுதான். ஆனால் என் சண்டை அதற்காக அல்ல. அந்தச் சொல் பொய் சொல்கிறது, அதற்காக.

கிளியோமா என்ற மூளைக்கட்டி வகையை எடுத்துக்கொள்வோம். இவற்றில் பலவற்றில் ஐடிஎச்1 என்ற மரபணு திரிந்திருக்கும். 2008இல் கண்டுபிடித்தது இது. பெரும்பாலும் நடப்பது, மரபணுவின் டிஎன்ஏ எழுத்து வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறுவது. சி-ஜி-டி என்று இருக்க வேண்டிய இடம் சி-ஏ-டி ஆகிறது. அதனால் புரதத்தின் 132ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் என்ற வேறொன்று வந்து உட்கார்கிறது. இப்படிப்பட்ட கட்டி பல ஆண்டுகள் மெதுவாகவே வளரலாம்; கட்டியின் கடுமையை 1 முதல் 4 வரை அளக்கும் கணக்கில் இதை 2ஆம் கிரேடு என்பார்கள். அப்புறம் வேறு மரபணுக்களும் ஒவ்வொன்றாகக் கெடக் கெட, கடுமை ஏறுகிறது. ஐடிஎச் திரிந்த ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கிளியோமா வகையில், சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் இரண்டு நகல்களுமே தொலைந்திருந்தால், நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்தாலும் அது 4ஆம் கிரேடுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு. இதில் எது சடுதி? எழுத்து மாறுகிற அந்தக் கணம் வேண்டுமானால் சடுதியாக இருக்கட்டும். அறிக்கை அந்தக் கணத்தைப் பற்றிப் பேசவில்லை. மாறிப்போய் நிற்கிற நிலையைப் பற்றிப் பேசுகிறது. படிக்கிறவர் காதிலோ 'திடீரென்று வந்தது' என்று விழுகிறது. உடனே போன மாதம் யார் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்.

சரி, வேறு சொற்கள்? இலங்கைத் தமிழர் 'விகாரம்' என்பார்கள். இலக்கணம் படித்தவருக்கு அது நல்ல சொல். ஆனால் எங்கள் பக்கம் விகாரம் என்றால் அவலட்சணம். நோயாளியிடம் சொல்ல நா எழாது. 'பிறழ்வு' இன்னும் மோசம். மனப்பிறழ்வு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, மூளையில் பிறழ்வு என்றால் பைத்தியம் என்றுதான் படும். 'மரபணு மாற்றம்' என்று எழுதினால் ஆய்வுக்கூடத்தில் மாற்றிய கத்தரிக்காய் நினைவுக்கு வருகிறது. 'மரபணுக் கோளாறு' என்றாலோ பரம்பரை வியாதி என்று முடிவுகட்டி, பையனின் தங்கைக்கு வந்த சம்பந்தம் கலைகிறது. கிளியோமாவில் காணும் இந்த மாறுதல்கள் பெரும்பாலும் அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் இருப்பவை. பெற்றோரிடமிருந்து வந்தவையும் அல்ல, பிள்ளைகளுக்குப் போகிறவையும் அல்ல. புற்றுநோய்களுக்கு வழிவிடும் லி-ஃபிராமெனி கூட்டறிகுறி போலப் பரம்பரையாக வருவன சில உண்டு, அவை அரிது.

நான் சொல்வது 'திரிபு'. இதை யாரும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. சொற்கள் புணரும்போது நடப்பதைத் தொல்காப்பியம் நான்காகப் பிரிக்கிறது: திரிபு மூன்று, இயல்பு ஒன்று. மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்பவை அந்த மூன்று திரிபுகள். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது முதலாவது. ஐடிஎச்1இல் ஓரெழுத்து மாறுவது அப்படியே இதுதான். வாழைப்பழத்தில் 'ப்' மிகுவது இரண்டாவது. கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான கிளியோமாவில் ஈஜிஎஃப்ஆர் மரபணு பல நகல்களாகப் பெருகிக் கிடப்பதை இதில் அடக்கலாம். மரவேரில் 'ம்' குன்றுவது மூன்றாவது. இந்தக் குன்றலிலேயே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஐடிஎச் திரிந்த கட்டியில் 1ஆவது குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆவதின் நெட்டைக் கையும் சேர்ந்து தொலைந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற வகை. சிகிச்சைக்கு ஓரளவு நன்றாகவே இணங்கும். நான் முன்னே சொன்ன சிடிகேஎன்2ஏ தொலைவதோ கடுமையின் அடையாளம். எந்த மரபணு, எந்த வகைத் திரிபு என்று பிரித்துச் சொல்ல நமக்கு ஆயத்தமாகச் சொற்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் பூட்டிவைத்துவிட்டுச் சடுதியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

'வரலாற்றுத் திரிபு' என்று நாளிதழ்கள் எழுதுவதால், யாரோ வேண்டுமென்றே செய்தது போலத் தொனிக்காதா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டார். திரித்தல் வேறு, திரிதல் வேறு. ஒருவர் செய்வது திரித்தல். தானாக நடப்பது திரிதல். பால் திரிஞ்சு போச்சு என்று எங்கள் வீட்டு அடுப்படியில் சொல்லும்போது யாரும் யார்மேலும் பழி போடுவதில்லை. அந்த அம்பாசமுத்திரத்து வீட்டில் இருந்திருக்க வேண்டிய சொல் இதுதான்.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இன்னொன்று. 'ஐடிஎச் வைல்ட்டைப்' என்பதைக் 'காட்டு வகை' என்று போடுகிறார்கள். படித்ததும் குலை நடுங்குகிறது. வைல்ட்டைப் என்றால் இயற்கையில் உள்ளபடியே இருப்பது, அதாவது தொல்காப்பியத்தின் இயல்பு. ஆனால் இங்கே 'இயல்பு' என்று போடவும் எனக்குச் சம்மதமில்லை. பெரியவர்களுக்கு வரும் கிளியோமாவில் ஐடிஎச் திரியாமலிருப்பது பெரும்பாலும் கடுமையான கட்டி. அதோடு ஈஜிஎஃப்ஆர் பெருக்கமும் இருந்தால் 4ஆம் கிரேடு கிளியோபிளாஸ்டோமா என்றே முடிவு செய்கிறார்கள். 'ஐடிஎச் இயல்பு' என்று தமிழில் வாசித்தால், எல்லாம் நார்மல் என்று வீட்டார் நிம்மதியடைந்துவிடுவார்கள். அதனால் 'ஐடிஎச் திரிபு இல்லை' என்று எழுதி, அந்த வரியிலேயே கடுமையையும் சேர்த்து எழுத வேண்டும். அதைக் கிரேடு என்றே எழுதட்டும். 'தரம்' என்று மட்டும் வேண்டாம். முதல் தரம் என்றால் எங்களூரில் அல்வாவின் நினைப்புதான் வரும்.